கரிசாலையா, பார்த்தீனியமா, தாத்தாப்பூவா: ஒரு பருவத்து ஆய்வுக்கு எதை எடுப்பது?

கடலூரிலும் புதுவையிலும் முதுகலைத் தாவரவியல் படிக்கும் மாணவர்கள், ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்கிற நாள்களில் என்னிடம் கொண்டுவரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: கடைசிப் பருவத்து ஆய்வேட்டுக்கு எந்தச் செடியை எடுப்பது? பாதிப்பேர் மனத்தில் ஏற்கெனவே ஒரு செடி இருக்கும்; அது ஆஸ்டரேசி எனப்படும் சூரியகாந்திக் குடும்பத்துச் செடியாக இருப்பதே வழக்கம். இதில் வியக்க ஒன்றுமில்லை. ஏறத்தாழ 1,600 பேரினங்களும் 25,000 அளவில் சிற்றினங்களும் கொண்ட இக்குடும்பம், பூக்கும் தாவரங்களில் ஆர்க்கிட் குடும்பத்தோடு முதலிடத்துக்குப் போட்டியிடுவது. வயல் வரப்பில் கரிசாலை எனப்படும் கரிசலாங்கண்ணி, கிணற்றடியில் தாத்தாப்பூ எனப்படும் வெட்டுக்காயப்பூண்டு, ரயில் பாதையோரத்தில் பார்த்தீனியம், பூக்கடையில் சாமந்தி என்று, கண்ணைத் திறந்தால் இக்குடும்பத்தின் ஏதாவது ஒரு முகம் எதிரே நிற்கும்.

ஆனால் செடியை முதலில் முடிவு செய்துவிட்டு, அதை வைத்து என்ன செய்வது என்று பிறகு யோசிப்பது வரிசை மாறிய வேலை. முதலில் முடிவு செய்யவேண்டியது கேள்வியை. இப்பகுதி மாணவர் ஒருவருக்கு முன்னால் உண்மையில் இருப்பவை நான்கு வழிகள்: செடியின் வேதிப்பொருளை ஆராய்வது, களையாகப் பரவும் செடியின் சூழலியலை ஆராய்வது, டி.என்.ஏ. வரிசையை வைத்து இனத்தை அடையாளம் காண்பது, பூவின் அமைப்பையும் மகரந்தச் சேர்க்கையையும் களத்தில் நின்று பார்ப்பது. டிசம்பர் கடைசியில் தொடங்கி ஏப்ரல் நடுவில் ஆய்வேட்டைக் கட்டிக் கொடுக்கவேண்டிய ஒருவருக்கு எது தகும் என்பதே இக்கட்டுரையின் பொருள். முனைவர் பட்டத்துக்கு வருபவரின் கணக்கு வேறு. அதையும் இடையில் தொட்டுச் செல்கிறேன்.

முதல் வழியில்தான் இங்கே கூட்டம் அதிகம். கரிசலாங்கண்ணியைப் பறித்து, நிழலில் உலர்த்தி, பொடித்து, சாக்ஸ்லெட் கருவியில் மெத்தனால் சாறு இறக்கி, பாக்டீரியா வளர்த்த தட்டில் வைத்து, சாற்றைச் சுற்றித் தோன்றும் தெளிந்த வட்டத்தை அளவுகோலால் அளப்பது. கல்லூரி ஆய்வகத்திலேயே எல்லாம் முடிந்துவிடும். நாள் கணக்கும் பிசகாது. இதன் குறை என்னவென்றால், விடை முன்கூட்டியே தெரிந்த கேள்வி இது. அடர்த்தியாக இறக்கிய கச்சாச் சாறு ஏதோ ஒரு பாக்டீரியாவை ஏதோ ஓர் அளவுக்குத் தடுக்கத்தான் செய்யும். தடுத்த பொருள் எது, அது உடலுக்குள் போனால் என்ன ஆகும், இதே செடி வேறு மண்ணில் வளர்ந்தால் அளவு மாறுமா என்பவற்றுள் ஒன்றையும் அந்த வட்டம் சொல்லாது.

இதனால் கரிசாலையின் வேதியியல் வெறுமையானது என்று பொருளில்லை. வடலூர் வள்ளலார் அன்றாட உணவில் சேர்க்கச் சொன்ன கீரை அது. இந்த மாவட்டத்து மண்ணோடு அதற்கு அப்படியோர் உறவு உண்டு. 1956-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் உடன் பணிபுரிந்தோரும் மஞ்சள் கரிசாலையிலிருந்து பிரித்த ஒரு பொருளின் மூலக்கூறு அமைப்பை வெளியிட்டார்கள். வெடெலியா என்ற அச்செடியின் அப்போதைய பேரினப் பெயரைக் கொண்டே அதற்கு வெடெலோலாக்டோன் என்று பெயரிடப்பட்டது. கல்லீரல் தொடர்பான ஆய்வுகளில் இன்றும் அடிபடும் பெயர் அது; வெள்ளைக் கரிசாலையிலும் அப்பொருள் உண்டு. ஆக, வரப்பில் வளர்ந்த செடிக்கும் சாலையோரச் சாக்கடை ஓரத்தில் வளர்ந்த செடிக்கும் வெடெலோலாக்டோன் அளவில் வேறுபாடு உண்டா என்று கேட்டால், அது கேட்கத் தகுந்த கேள்வி. அதற்குத் தட்டும் பாக்டீரியாவும் போதா, சாற்றில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. போன்ற கருவியும், ஒப்பிடுவதற்குத் தூய பொருளும், கருவிக்கு முறை கிடைக்கும்வரை காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். அந்தக் காத்திருப்பிலேயே பங்குனி வந்துவிடும் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இவ்வழியைப் பற்றி நான் சற்றுக் கடுமையாகப் பேசுவதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. நான் முதுகலை படித்தபோது கரிசாலைச் சாற்றைத்தான் எடுத்தேன். மழைக்காலத்தில் செடியைச் சேகரிக்கத் தவறிவிட்டதால், நாட்டுமருந்துக் கடையொன்றில் பொடியாகவே வாங்கி நான்கு மாதம் உழைத்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, இது வெள்ளையா, மஞ்சளா?" என்னிடம் பதில் இல்லை. செடியை அழுத்தி உலர்த்தி ஒட்டி வைத்த ஹெர்பேரியத் தாள் ஒன்றுகூட இல்லை. அன்று எழுதியிருந்த நாற்பது பக்கமும் எந்தச் செடியைப் பற்றியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எனவே இவ்வழியில் போகத் துணிந்தவர்களுக்கு மட்டும் சில அடையாளங்கள். வெள்ளைக் கரிசாலையான எக்ளிப்டா புரோஸ்ட்ராட்டா ஈர வரப்பில் வளரும். இலையிலும் தண்டிலும் சொரசொரப்பான மயிர் இருக்கும். தண்டை ஒடித்து விரல்களுக்கிடையே கசக்கினால் சிறிது நேரத்தில் கறுக்கும். மஞ்சள் கரிசாலை ஸ்பாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா. தரையோடு படர்ந்து, நீண்ட காம்பில் மஞ்சள் தலையை, அதாவது பல சிறுபூக்கள் நெருங்கி ஒரே பூப்போல் தெரியும் கொத்தை, தூக்கிக் காட்டும். இவை இரண்டோடு மூன்றாவது ஒன்று இப்போது குழப்பத்தைக் கூட்டியிருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் அலுவலக முற்றங்களிலும் தரைமூடியாக நட்டு வளர்க்கப்பட்டு, அங்கிருந்து வாய்க்கால் கரைக்குத் தப்பி ஓடிய ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. இலை மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். மாணவர்கள் மஞ்சள் கரிசாலை என்று நம்பி எனக்குக் கொண்டுவரும் பைகளில் இதுவே பலமுறை இருந்திருக்கிறது.

இரண்டாம் வழி, பார்த்தீனியம். 1956-இல் புனேயில் பதிவான பிறகு நாடு முழுவதும் பரவிய இக்களையின்மேல் சூழலியல் ஆர்வம் உள்ளவர்களுக்கு இயல்பாகவே கண் போகும். மழை முடிந்த கையோடு தரிசுகளில் முளைத்து, தை மாதத்துக்குள் வெண்மையாகப் பூத்து நிற்பதால் பருவத்தோடு இசைந்துபோகும் செடி. ஒவ்வொரு தலையிலும் விதை கொடுப்பவை விளிம்பில் உள்ள ஐந்தே ஐந்து சிறுபூக்கள். நடுவில் உள்ளவை மகரந்தம் மட்டும் தருபவை. ஒரு செடியில் எத்தனை தலை என்று எண்ணி ஐந்தால் பெருக்கினாலே, ஏன் இதை ஒழிக்க முடியவில்லை என்பது மாணவருக்குத் தாளிலேயே தெரிந்துவிடும். மெக்சிகோவிலிருந்து கொண்டுவரப்பட்டு, இக்களையை ஒடுக்க 1984-இல் பெங்களூரில் விடப்பட்ட சைகோகிராமா வண்டு இங்கே எந்த மாதத்தில் இலையைத் தின்கிறது, எந்த மாதத்தில் மண்ணுக்குள் ஒடுங்குகிறது என்று கணக்கெடுப்பதும் நல்ல கேள்வியே. ஆனால் வண்டு மும்முரமாக இருப்பது மழைக்காலம், மாணவர் களத்துக்கு வருவது வறண்ட காலம். இதற்கு மேல் இரண்டு தடைகள் உண்டு. பார்த்தெனின் என்னும் பொருளால் தோலில் கடும் ஒவ்வாமை வரக்கூடிய செடி இது. கையுறை இல்லாமல் தொடக்கூடாது, ஏற்கெனவே இளைப்போ தோல் ஒவ்வாமையோ உள்ளவர் இதை எடுக்கவே கூடாது. அடுத்து, குறித்துவைத்த சதுரங்கள் நிலைக்க வேண்டும். என் மாணவி ஒருத்தி சாலையோரத்தில் குச்சி நட்டுக் கயிறு கட்டிய இருபது சதுரங்களையும் பிப்ரவரியில் ஒரே நாளில் இயந்திரம் வைத்துச் சுரண்டிவிட்டார்கள். சொந்த நிலமோ, கல்லூரி வளாகமோ உறுதியாக இருந்தாலொழிய இவ்வழியை நான் சொல்வதில்லை.

மூன்றாவதான டி.என்.ஏ. வழியின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. இக்குடும்பத்தைப் பற்றிய பழைய எண்ணத்தைப் புரட்டிப்போட்டதே அதுதான். ஆங்கிலத் தாவரவியலாளர் பெந்தம் 1873-இல் எழுதிய வகைப்பாட்டிலிருந்து நூறாண்டுக்கு மேலாக, சூரியகாந்தியை ஒத்த கூட்டமே குடும்பத்தின் தொன்மையான கிளை என்ற கருத்து வலுவாக இருந்தது. 1987-இல் ஜான்சன், பால்மர் என்னும் ஆய்வாளர்கள், இலைக்குப் பச்சை தரும் பசுங்கணிகத்தின் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 22,000 எழுத்து இணை நீளமுள்ள ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருப்பதை ஆஸ்டரேசியின் ஏனைய கிளைகள் அனைத்திலும் கண்டார்கள். தென்னமெரிக்காவின் பார்னடேசியா கூட்டத்தில் மட்டும் அது திரும்பாமல் பழையபடி இருந்தது. அந்த ஒரு துண்டை வைத்துக் குடும்ப மரத்தின் அடிக்கிளை எது என்று உறுதியாயிற்று. பிறகு 2010-இல் அதே தென்னமெரிக்காவின் பட்டகோனியாவிலிருந்து, 4 கோடியே 75 இலட்சம் ஆண்டுப் பழமையுள்ள, தலையோடு கூடிய புதைபடிவம் அறிவிக்கப்பட்டது. 2014-இல் இக்குடும்பம் முழுமைக்கும் பொதுவாகப் பயன்படக்கூடிய 1,061 மரபணுப் பகுதிகளின் தொகுப்பு வெளியானது. 2017-இல் சூரியகாந்தியின் முழு மரபணுத்தொகுதி வந்தது, 360 கோடி எழுத்துகள், மனிதனுடையதைவிடப் பெரிது.

இத்தனையும் உண்மை, ஆயினும் கடலூரில் ஒரு பருவத்துக்குள் இதில் மாணவர் செய்யக்கூடியது மிகச் சிறிய பங்கு. 2009-இல் தாவரங்களுக்கான பொது அடையாளப் பகுதிகளாக ஏற்கப்பட்ட ஆர்.பி.சி.எல்., மேட்கே ஆகிய இரண்டையும் பத்துச் செடிகளுக்கு எடுத்து, வெளி ஆய்வகத்துக்கு அனுப்பி, வரிசை வந்ததும், டி.என்.ஏ. வரிசைகளின் பொதுத் தரவுத்தொகுப்பான ஜென்பேங்கில் ஒப்பிடலாம். நடுவில் சறுக்குவது பெரும்பாலும் முதல் படியில். கசக்கினால் கறுக்கிறது என்று சொன்னேனே, கரிசாலையில் அந்தக் கறுப்பைத் தரும் பாலிஃபீனால் பொருள்களே டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு அதைப் பழுப்பாக்கிவிடும்; பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பி.வி.பி. என்னும் பொருளைச் சேர்த்தும், இளம் இலையை எடுத்தும், சிலிக்கா ஜெல்லில் விரைந்து உலர்த்தியும்தான் தப்ப வேண்டும். இவ்வழியில் ஒரே ஒரு கேள்வியை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். நாட்டுமருந்துக் கடைகளில் கரிசாலை என்று விற்கும் பொடி உண்மையில் மேலே சொன்ன மூன்றில் எது என்று டி.என்.ஏ.வைக் கொண்டு பார்ப்பது. அன்று எனக்குத் தெரியாமல் போன விடை அது; முனைவர் பட்ட மாணவர் ஒருவர் அதை எடுத்தால், வேதியியலையும் அதோடு இணைத்து, முதல் வழிக்கே அடித்தளம் போட்டுக் கொடுக்கலாம்.

இனி நான்காம் வழி. இதற்கு வேண்டியவை பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ், இரண்டு ஊசி, கொசுவலைத் துணியில் தைத்த சிறு பைகள், காலை ஆறரை மணிக்கு எழுந்துபோகும் மனம். செடி, வெட்டுக்காயப்பூண்டு என்றும் தாத்தாப்பூ என்றும் சொல்லப்படும் டிரைடாக்ஸ் புரொகும்பென்ஸ். கட்டைவிரலால் அதன் தலையைத் தெறிக்கவிட்டு விளையாடாத பிள்ளை இவ்வூரில் இருக்கமாட்டார். ஆண்டு முழுவதும் பூப்பதால் மழை முந்தினாலும் பிந்தினாலும் ஆய்வு நிற்காது.

அந்தத் தலையை லென்ஸின் கீழ் ஒருமுறை பொறுமையாகப் பார்க்க வேண்டும். பூ என்று நாம் சொல்வது பூவன்று, ஒரு சபை. விளிம்பில் ஐந்தாறு வெளிறிய சிறுபூக்கள், ஒவ்வொன்றின் நுனியும் மூன்று பல்லாகப் பிளந்தது. அவற்றில் சூலகம் உண்டு, மகரந்தம் இல்லை. நடுவில் நெருக்கமாக மஞ்சள் குழல் பூக்கள். இவை விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வளையம் வளையமாக மலரும். மலர்ந்த ஒரு குழலை ஊசியால் பிளந்தால், ஐந்து மகரந்தப்பைகளும் பக்கவாட்டில் ஒட்டி ஒரு குழாயாகி நிற்பதும், மகரந்தம் அக்குழாயின் உட்புறமாகக் கொட்டியிருப்பதும் தெரியும். அடியிலிருந்து வளரும் சூல்தண்டு, துப்பாக்கிக் குழலில் குச்சி நுழைப்பதுபோல் அந்த மகரந்தத்தை மேலே தள்ளிக்கொண்டு வெளிவருகிறது. வந்த பிறகே அதன் நுனி இரண்டாகப் பிரிந்து, வெளிப்பக்கமாக வளைந்து, பிற பூவின் மகரந்தத்தை ஏற்க ஆயத்தமாகிறது. ஒரே தலையில், ஒரே காலையில், வெளிவளையத்தில் இரு கையும் விரித்த சூல்முடியையும், அடுத்த வளையத்தில் மகரந்தம் சுமந்த குச்சியையும், நடுவில் திறவாத மொட்டையும் சேர்த்துப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை வளையம் மலர்கிறது, எந்த நேரத்தில் எந்தப் பூச்சி வருகிறது, பை கட்டி மூடிய தலையில் நிரம்பிய விதை எத்தனை, திறந்த தலையில் எத்தனை என்று முப்பது தலைகளில் எண்ணினாலே தேர்வாளர் மறுக்கமுடியாத எண்கள் கைக்கு வரும். நிரம்பிய விதை நகத்தால் அழுத்தினால் நசுங்காது, சொத்தை நசுங்கும்.

இதை வெறும் பள்ளிக்கூட வேலை என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் நினைவூட்டுவது காசினியை. தொழிலால் நீதிபதியாக இருந்த அந்தப் பிரெஞ்சுக்காரர், 1812 முதல் இக்குடும்பத்தின் சூல்தண்டையும் மகரந்தப்பையையும் நுணுகிப் பார்த்தே அதைப் பல கூட்டங்களாகப் பிரித்தார். அவர் வகுத்த கூட்டங்களுள் பல, டி.என்.ஏ. வந்த பிறகும் நிற்கின்றன.

இவ்வழிக்கு நம் ஊர் தரும் தனி வாய்ப்பு ஒன்று உண்டு. இங்குள்ளோரே அதைக் கவனிப்பது குறைவு. ஆஸ்டரேசிக்கு மிக நெருங்கிய உறவான காலிசெரேசி குடும்பம் தென்னமெரிக்காவுக்கே உரியது, நமக்குக் கிட்டாது. அடுத்த உறவான குடினியேசி பெரும்பாலும் ஆஸ்திரேலியாவில் வாழ்வது. ஆனால் அதன் உறுப்பான ஸ்கேவோலா டக்காடா நம் கடற்கரை மணலிலும் கடலோரத் தோட்டங்களிலும் அடம்புக்கும் இராவணன் மீசைக்கும் பக்கத்தில் புதராக நிற்கிறது. அதற்கும் அடுத்த உறவான மெனியாந்தேசி, நம் ஏரி குளங்களில் ஆம்பலின் சிறு சாயலில், விளிம்பில் நூல் நூலாக மயிர் தொங்கும் வெள்ளைப் பூவோடு மிதக்கும் நிம்பாய்டஸாக இருக்கிறது. கடலூருக்கும் புதுவைக்கும் இடைப்பட்ட ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள், ஏரி, கடற்கரை, வரப்பு என்று இறங்கி ஏறினால், ஒரு வம்சத்தின் மூன்று படிகளை ஒரே நாளில் கையில் பிடிக்கலாம்.

ஸ்கேவோலாவின் பூ, பாதி கிழித்த விசிறிபோல் ஐந்து இதழ்களையும் ஒரே பக்கம் விரிப்பது. மேல்பக்கம் அடிவரை பிளந்திருக்கும். மொட்டாக இருக்கும்போதே மகரந்தம் சூல்தண்டின் நுனியில் உள்ள சிறு கிண்ணத்துக்குள் கொட்டிவிடுகிறது. பூ மலர்ந்த பின், கிண்ணத்துக்குள்ளேயே வளரும் சூல்முடி அதைச் சிறிது சிறிதாக வெளியே தள்ளுகிறது. கடைசியில் தானே வெளிவருகிறது. தாத்தாப்பூவில் குழாயும் குச்சியும் செய்வதை இங்கே கிண்ணம் செய்கிறது. நிம்பாய்டஸிலோ இந்தத் தள்ளுமுறை இல்லை. மகரந்தப்பைகள் தனித்தனியாக நின்று மகரந்தத்தை நேரே காட்டுகின்றன, பூ காலையில் மலர்ந்து அன்றே வாடுகிறது. மூன்றையும் ஒரே அட்டவணையில் வைத்து, மகரந்தம் எங்கே காட்டப்படுகிறது, எவ்வளவு நேரம் காட்டப்படுகிறது, பூவொன்றுக்கு விதை எத்தனை என்று ஒப்பிடும் மாணவர், சூரியகாந்திக் குடும்பம் ஏன் இவ்வளவு வெற்றிபெற்றது என்ற பெரிய கேள்வியின் ஓரத்தையாவது தொட்டுவிடுகிறார். இவ்வளவு சிறிய செலவில் இவ்வளவு பெரிய கேள்வியின் அருகே போக வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். கடற்காற்றில் பை நிற்காது. இரட்டைக் கட்டு வேண்டும். ஸ்கேவோலா அழகுக்காக நடப்படுவதும் உண்டாகையால், இயல்பாக முளைத்ததா நட்டதா என்று குறிக்காவிட்டால் தரவு பாழ். ஊசுடு ஏரி பறவைகள் சரணாலயம் ஆதலால் அங்கே அனுமதியின்றி எதையும் பறிக்கக்கூடாது, ஊர்க்குளமே போதும். எண்களை எப்படிச் சோதிப்பது என்று புள்ளியியல் தெரிந்த ஒருவரிடம் தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும், முடித்த பிறகு அன்று.

இனங்களை உறுதி செய்ய, 1955-இல் தொடங்கிய புதுவை பிரெஞ்சு நிறுவனத்தின் ஹெர்பேரியம் இருக்கிறது. முன்கூட்டி எழுதி அனுமதி பெற்றுப் போகலாம். அங்கே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: காய்ந்த தலையில் நிறமும் இருக்காது, வளையமும் தெரியாது. நம் சொந்தச் சேகரிப்பில் ஒரு தலையை வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்துப் பழகிய பிறகு அந்தத் தாள்களைப் பார்த்தால்தான் கண் அவற்றைப் படிக்கும். பழைய தாள்களில் பெயரும் மாறியிருக்கும்; வெர்னோனியா சினேரியா என்று எழுதிய பூவாங்குருந்தல் 1990 முதல் சயாந்தில்லியம் சினேரியம்.

ஆகவே என் முடிவு இது. ஒரே பருவம் கையில் உள்ள முதுகலை மாணவர், கருவிக்கும் நிதிக்கும் யாரையும் நம்பியிருக்காதவராயின், நான்காம் வழியை எடுக்கட்டும். நிம்பாய்டஸ் கிடைக்காத ஆண்டில் தாத்தாப்பூவும் ஸ்கேவோலாவும் மட்டுமே போதும். நிலமும் உடல்நலமும் ஒத்துழைத்தால் பார்த்தீனியம் இரண்டாவது. முனைவர் பட்டத்துக்கு வருபவர் கரிசாலைப் பொடியின் அடையாளத்தை டி.என்.ஏ. வழியாக எடுக்கலாம். தட்டில் வட்டம் அளக்கும் வேலையை, செடி எது என்று நிறுவும் தாள் கையில் இல்லாத யாருக்கும் நான் கையெழுத்திட்டுத் தருவதில்லை.

நான்காம் வழியை எடுப்பவர் தை முதல் வாரத்தில், பனி உலர்வதற்கு முன், தாத்தாப்பூத் தலைகளில் முப்பதுக்கு நூல் கட்டி எண்ணிடட்டும். அதே செடிகளுள் ஒன்றை வேரோடு எடுத்து, இடம், நாள், எண் எழுதிச் செய்தித்தாளில் அழுத்தி வைத்துவிட்டுத்தான் அன்று வகுப்புக்கு வர வேண்டும்.